சம்பந்தி, அந்த வாக்கியம் பதிவாகவில்லை

சம்பந்தி அவர்களுக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் உங்களிடம் நான் வேறு பேச்சு எடுத்ததே இல்லை. முகிலன் டிப்ளமோ முடித்துவிட்டான், ஒரு பாடத்தில்கூட அரியர் இல்லை. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, விசாவும் வந்துவிட்டது. சின்னவள் செல்வி கோ-கோ ஆட்டத்தில் மாநில அளவுக்குப் போய்க் கோப்பையோடு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினவளை நேராக வீட்டுக்கு விடாமல் பூக்காரி, டீக்கடை, உரக்கடை என்று கடைத்தெரு முழுக்கக் காட்டித்தான் கூட்டிவந்தேன். "கை வலிக்குது அப்பாயி, நீயே தூக்கிக்க" என்றாள். நானே தூக்கிக்கொண்டேன். கயல்விழிக்குப் பதவி உயர்வு. அவள் சொன்னால் கேட்பதற்கு அவளுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்களாம், அதில் மீசை வைத்தவர்களும் உண்டாம். "ஓட்டமும் வாயும் உங்க பக்கம், மூளை எங்க பக்கம்" என்று பேரப்பிள்ளைகளைப் பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தீர்களே, அதை நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. மூளையும் எங்கள் பக்கம்தான். என்னை அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்களே தவிர, எனக்குப் படிப்பு ஏறாமல் இல்லை.

முகிலன் வெளிநாட்டுக்கு என்று ஒரு பெரிய பெட்டி வாங்கிவந்திருக்கிறான். அதை வைக்க இடம் வேண்டுமென்று இன்று காலை பீரோ மேலிருந்து உங்கள் ஆக்சிஜன் மெஷினை இறக்கினோம். பழைய வேட்டியைச் சுற்றி வைத்திருந்தது. பிரித்ததும் அந்த வாசனை. மூக்குக் குழாய் புதுச்செருப்பு மாதிரி நாறுகிறது என்று சொல்லி நீங்கள் நீலகிரித் தைலம் தடவுவீர்களே, அது இன்னும் போகவில்லை. உங்கள் மகள் குழாயைக் கையில் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கி வழிகிறது, அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. உங்களுக்குத் திதி கொடுத்தோம், படையல் போட்டோம், பிடித்த வாழைப்பூ வடையும் வைத்தோம். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டுவிட்டுப் போன விஷயம் என்ன ஆயிற்று என்று உங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மில்லில் இத்தனை வருஷம் சுவாசித்த உமிப் புழுதி உங்கள் நெஞ்சைத் தின்றுவிட்டது. இனி மெஷின் இல்லாமல் இருக்க முடியாது என்று காரைக்காலில் டாக்டர் கையை விரித்தபிறகு, சுரக்குடியில் தனியாக இருந்த உங்களை மகள் போய்க் கூட்டிவந்தாள். பெண் கொடுத்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற ஆள் நீங்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தீர்கள்.

"நாலு நாள் இருந்துட்டுக் கிளம்பிடறேன் சம்பந்தியம்மா."

"கிளம்புங்க. போகும்போது இந்த மெஷினைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போங்க."

"என் பொண்ணைக் குடுத்தப்பவே தெரியும், இந்த வீட்ல வாய் ஜாஸ்தின்னு."

சிரித்தீர்கள், சிரிப்பு இருமலில் முடிந்தது. உள் அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் பஸ் வருவது தெரியும். உங்களுக்கு அது வேண்டும். எந்த ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் வந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறுகிறவர் ஆயிற்றே. படுத்தபிறகும் அந்த விளம்பரங்களைத் தேடித் தேடிப் படித்தீர்கள்.

நீங்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், வாய்க்கால் கரையில் ரசாயனக் கிடங்கு வரப்போகிறது என்று ஒரு கூட்டம் வைத்தார்களே, அதற்கு என்னையும் எங்கள் தெருவையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அதற்கு முன்னால் நான் மைக்கைப் பக்கத்தில் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போதே எல்லாருக்கும் பாடம் நடந்தது. "ஆளுக்கொரு விதமா பேசினா, 'பல்வேறு கருத்துகள் தெரிவிக்கப்பட்டன'ன்னு ஒரே வரியில முடிச்சுடுவான். அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னா, எழுதறவன் கை தானா அதைத்தான் எழுதும். ஒரு எழுத்து மாறக்கூடாது." இதுதான் உங்கள் வழி. 'எங்கள் மாடும் நாங்களும் குடிப்பது இந்தத் தண்ணீர்தான், இங்கே கிடங்கு வேண்டாம்.' திருநள்ளாறு வருவதற்குள் கண்டக்டருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு அஞ்சலை மட்டும் மைக்கைப் பிடித்து வாக்கியத்தைச் சுத்தமாகச் சொல்லிவிட்டு, "ரேஷன் கடையில பாமாயிலும் சரியா போடறதில்லீங்கய்யா" என்று சேர்த்துக்கொண்டாள். மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

"ஏன் ஆத்தா, பாமாயிலை இங்க எதுக்குக் கொண்டாந்து ஊத்தின?"

"மைக்கு கையில இருக்கறப்பவே சொல்லிடணும்ல அண்ணே, அப்புறம் யாரு குடுப்பா?"

ஆனால் உங்கள் வழி பலித்தது. நடவடிக்கைக் குறிப்பில் நம் வாக்கியம் அப்படியே இருந்தது. நகல் வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிவந்து எங்களுக்குப் படித்துக் காட்டினீர்கள். கிடங்கும் வரவில்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "கேட்பாங்களா மாட்டாங்களான்னு நமக்குத் தெரியாது சம்பந்தியம்மா. ஆனா பதிவாகணும். பதிவாயிட்டா, யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்ல முடியாது."

இனி மெஷின் கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

வந்த புதிதில் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு திடீரென்று ஒரு நாள் கூவிக்கொண்டு நின்றது. திரையில் ஏதோ எழுத்து. சர்வீஸ் காலம் முடிந்துவிட்டது, கம்பெனி ஆள் வந்து திறந்துவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம் என்றான் உங்கள் மாப்பிள்ளை. கம்பெனிக்குப் போன் போட்டால், அந்த மாடலை நிறுத்திவிட்டோம், அதற்கு ஆள் அனுப்புவதில்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அவர்கள் சொன்ன விலை நம் கைக்கு எட்டவில்லை. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூவும், நிற்கும். அதனால் உங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் விழித்திருக்க வேண்டியதாயிற்று. நான், உங்கள் மகள், செல்வி என்று மாறி மாறி உட்கார்ந்தோம். "குழந்தைக்குத் தொட்டில் ஆட்டற மாதிரி எனக்கு சுவிட்ச் ஆட்டுறீங்க" என்றீர்கள். சிரிப்பதற்காகச் சொன்னது. உங்கள் மகள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கயல் பெங்களூரிலிருந்து வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதோடு வந்த பொடி எழுத்துப் புத்தகத்தைப் படித்தாள். பிறகு துள்ளிக் குதித்தாள். மெஷினுக்குள் ஓடுகிற புரோகிராம் கட்டற்ற மென்பொருளாம். யாரோ எழுதி, உலகத்துக்குப் பொதுவாக விட்டது. அதற்கு ஒரு லைசென்ஸ் உண்டாம்.

"பொதுவுல விட்டதுக்கு எதுக்கு லைசென்ஸு?" என்றீர்கள்.

"பொதுவாவே இருக்கறதுக்குத்தான் தாத்தா. யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம். ஆனா வாங்கினவங்க கேட்டா உள்ள என்ன எழுதியிருக்குன்னு காட்டணும். அவங்களும் மாத்திக்கலாம்னு விடணும்."

அவள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். மறுக்க முடியாமல் புரோகிராமை அனுப்பினார்கள். மெஷினை நிறுத்துகிற இடத்தைக் கண்டுபிடித்து, திருத்தி, மெஷினுக்குள் ஏற்றப் பார்த்தாள். மெஷின் வாங்கிக்கொள்ளவில்லை. கம்பெனியிடம் சாவி மாதிரி ஒரு ரகசிய எண் இருக்கிறதாம், அந்தச் சாவி போட்டுக் கொடுத்த புரோகிராம் மட்டும்தான் உள்ளே போகுமாம். சாவியைக் கேட்டால், அதைக் கொடுக்கவேண்டும் என்று லைசென்ஸில் இல்லையே என்று பதில் வந்தது.

"பட்டா எம்பேர்ல, வீட்டுச் சாவி அவன் இடுப்புல. அப்படித்தானே?" என்றீர்கள்.

"அதேதான் தாத்தா."

கயலுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. மூக்கு உங்கள் பக்கத்து மூக்கு, அதை நான் மறுக்கவில்லை.

பிறகுதான் அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள். அந்த லைசென்ஸையே பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். வரைவை இணையத்தில் போட்டு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். புதிதாகச் சேர்த்த ஒரு வரி, மெஷினை விற்கிறவன் சாவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது. நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

"கருத்துக் கேட்பா? கூட்டம் எங்க?"

"கூட்டம்லாம் இல்ல தாத்தா. இதோ, இதுலயே எழுதணும்."

"பந்தல், நாற்காலி, ஆள் கூட்டிட்டு வர்ற வேன், சாப்பாட்டுப் பொட்டலம்?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்ப நிஜமான கூட்டம்தான்."

அவள் எங்களுக்குக் காட்டினாள். வரைவு முழுவதும் வரி வரியாக இருந்தது. எந்த வரியைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்களோ, அந்த வரி மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டே போகும். சாவி வரி மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. கயல் படித்துச் சொன்னாள். கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர், டிவி, போனுக்கெல்லாம் சாவி கொடுக்கலாம், வைத்திய மெஷின்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும், ஆளாளுக்குத் திருத்தினால் நோயாளி உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்தார்கள்.

"அவங்க சொல்றதுலயும் ஒரு பயம் இருக்கு தாத்தா. தப்பாத் திருத்தினா ஆபத்துதான்."

"இருக்கட்டும். பூட்டி வச்சதால நான் பத்திரமா இருக்கேனா, அதைக் கேளு."

அவள் பதில் சொல்வதற்குள் மெஷின் கூவியது. நான் எட்டி சுவிட்சை அணைத்துப் போட்டேன். நாம் மூவரும் அது மறுபடி ஓடும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

அன்றைக்கே வாக்கியத்தைச் செய்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். 'என் மூச்சை ஓட்டுகிற மெஷினின் சாவி என் வீட்டிலும் இருக்க வேண்டும்.' கயல் அதை உங்கள் பெயரில் தமிழில் எழுதி, கீழே இங்கிலீஷில் போட்டாள். அதோடு விட்டிருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

"ஒத்தை ஆள் சொன்னா காத்தோட போயிடும். தெருவுல எல்லாரையும் வரச்சொல்லுங்க சம்பந்தியம்மா" என்றீர்கள்.

கயல் தடுத்தாள். "தாத்தா, இங்க அப்படி வேண்டாம். ஒருத்தர் விவரமா எழுதினா போதும். மத்தவங்க ஒத்துக்கறோம்னு ஒரு பட்டனை அழுத்தலாம்."

"பட்டனை அழுத்தறதும் வாயைத் திறந்து சொல்றதும் ஒண்ணா? எத்தனை கூட்டம் பார்த்திருக்கேன் நான். நீ எழுது பாப்பா."

அவள் என்னைப் பார்த்தாள். உங்களைப் பார்த்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூச்சுக்குப் போராடுகிற மனுஷன் ஒரு காரியத்தில் இத்தனை நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்து உட்கார்ந்திருக்கும்போது யாரால் மறுக்க முடியும்?

சாயங்காலம் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நடவுக்குப் போய்விட்டு வந்த பெண்கள் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். மளிகைக் கடை கமால் பாய் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். ஒவ்வொருவராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, பெயரைச் சொல்லி, வாக்கியத்தைச் சொன்னார்கள். கயல் தட்டிக்கொண்டே போனாள். நீங்கள் மூக்குக் குழாயோடு விரலை ஆட்டி ஆட்டிக் கவனித்தீர்கள், ஒரு எழுத்து மாறக்கூடாது என்று.

அஞ்சலை முறை வந்தது. "என் மூச்சை ஓட்டுகிற மெஷினின்..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். "அண்ணே, எனக்கு ஏது மெஷினு?"

"வரும் ஆத்தா."

முதலில் சிரித்தது அஞ்சலைதான். "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே முழுதாகச் சொல்லி முடித்தாள். பாமாயில் பேச்சை எடுக்கவில்லை. கமால் பாய், "சொல்லியாச்சு. இன்ஷா அல்லா, அவங்க காதுல விழட்டும்" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் போனபிறகு கயல் திரையைத் திருப்பிக் காட்டினாள். சாவி வரிக்குக் கீழே நம் தெரு ஆட்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. அன்றைக்கு நீங்கள் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டீர்கள்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் தெரியாது.

மறுநாள் காலை கயல் திறந்து பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. அஞ்சலை, கமால் பாய், நான், நடவுப் பெண்கள் எல்லாரும் போயிருந்தோம். உங்களுடையதும் போயிருந்தது. ஒரே வாக்கியம், ஒரே வீட்டிலிருந்து, வேறு வேறு பெயரில், அத்தனை பேரும் தங்களுக்கு மூச்சு மெஷின் இருப்பதாகச் சொல்கிறார்கள். இது மனுஷர்கள் எழுதியது இல்லை, ஏதோ ஒரு புரோகிராம் போட்டு நிரப்பிய குப்பை என்று நீக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து இனி எதுவும் எழுத முடியாதபடி கதவையும் சாத்திவிட்டார்கள்.

அவர்களையும் முழுசாகக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சம்பந்தி. அந்த இடத்தில் உட்கார்ந்து தினம் தினம் வந்து விழுகிற குப்பையைக் கூட்டுகிற ஆளுக்கு எங்கள் அம்பகரத்தூர் தெரியுமா, அஞ்சலை தெரியுமா? அப்படிச் சொன்னால்தான் இங்கே பதிவாகும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் எது நம்மை ஆள் என்று காட்டியதோ, அது அங்கே நம்மை ஆளே இல்லை என்று ஆக்கிவிட்டது.

கயல் உங்களிடம் சொல்லவில்லை. முதலில் சரிசெய்துவிட்டுச் சொல்கிறேன் என்று என்னிடம் கெஞ்சினாள். அவர்களுக்கு ஈமெயிலில் எழுதினாள், விளக்கினாள், மறுபடி எழுதினாள். பதிலுக்குக் காத்திருந்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

விடிந்ததிலிருந்து மழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. மெஷின் கூவியது. உங்கள் மகள் அணைத்துப் போட்டாள், ஓடவில்லை. மறுபடி போட்டாள். திரையில் அதே எழுத்துதான், மோட்டார் சத்தம் மட்டும் வரவில்லை. "வா, வா, வந்துடு" என்று அதனிடம் பேசினாள், மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. கயல் அந்தத் திருத்திய புரோகிராமை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு, போகாது என்று தெரிந்தும் ஏற்றிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம், ரோடு முழுக்க வேன். சைரன் போட்டும் வழி கிடைக்கவில்லை. நான் உங்கள் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நகம் நாவல்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் மகளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. கயலைத்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டீர்கள்.

"பதிவாயிடுச்சா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பதிவாயிடுச்சு தாத்தா. எல்லாருதும்."

"நகல் வாங்கிக்க."

"வாங்கிடறேன் தாத்தா."

தலையை ஆட்டினீர்கள். மறுநாள் காலை போய்ச் சேர்ந்தீர்கள். அவள் சொன்னது பொய் என்று உங்களுக்குத் தெரிந்ததா? எத்தனையோ அதிகாரிகள் முகத்தைப் பார்த்துப் பழகின ஆள். தெரிந்துதான் நகல் கேட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கயலிடம் நான் அதைச் சொன்னதில்லை.

காரியம் முடிந்தபிறகு லைசென்ஸ்காரர்களின் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ஆனால் கருத்துச் சொல்லும் காலம் முடிந்துவிட்டது, நீக்கியதைத் திரும்பச் சேர்க்க விதியில் இடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு லைசென்ஸும் வெளிவந்துவிட்டது. சாவி வரி இருக்கிறது. வீட்டுக்கு வாங்குகிற டிவி, போன், கதவு மணி எல்லாவற்றுக்கும் சாவி கொடுக்க வேண்டும். வைத்திய மெஷின்களுக்கு விலக்கு. ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்று விளக்கக் குறிப்பும் போட்டிருக்கிறார்கள். கயல் அதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் ஒரு வரி: இந்த விலக்கைப் பற்றி நோயாளிகள் தரப்பிலிருந்து கருத்து எதுவும் வரவில்லை.

படித்துவிட்டு அவள் போனை வைக்கவில்லை. அவள் பக்கம் பெங்களூர் வண்டிச் சத்தம் கேட்டது.

"அப்பாயி, நான் அன்னிக்குத் தாத்தாவைத் தடுத்திருக்கணும்."

"தடுத்தே. அவர் கேட்டாரா?"

"இன்னும் கெட்டியாச் சொல்லியிருக்கணும்."

பதவி உயர்வு வந்த அன்றும் இதையேதான் சொன்னாள். இனிப்பு வாங்கினாயா என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள். அவள் சேதியை நான் ஏன் கடைசியில் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும். ஊருக்கு வந்தால் எங்களோடு கூடத்தில்தான் படுக்கிறாள். உங்கள் அறைக்குள் போவதில்லை.

போன மாதம் வாய்க்கால் கரை ரோட்டை அகலப்படுத்துவதைப் பற்றி ஒரு கருத்துக் கேட்பு வைத்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் அஞ்சலை, "வாக்கியம் என்னக்கா?" என்று கேட்டாள். பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வாக்கியம் செய்யத் தெரியும், சம்பந்தி. இத்தனை நாள் உங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு" என்றேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் மைக்கைப் பிடித்து, பெயரையும் ஊரையும் சொல்லி, மரங்களை வெட்டாமல் ரோடு போடுங்கள் என்றேன். இறங்கும்போது எழுதுகிறவரிடம் போய், நகல் எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். அடுத்த வாரம் வாங்கம்மா என்றார். அடுத்த வாரம் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். இன்னும் தரவில்லை. பல்வேறு கருத்துகள் என்றுதான் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போய்க்கொண்டிருக்கிறேன். நாளைக்கும் போவேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீங்கள் நிஜமான ஆள், புரோகிராம் இல்லை என்று அவர்களுக்குக் காட்டுவதற்காகக் கயல் உங்களை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். எதற்கு என்று சொல்லாமல்தான் எடுத்தாள். அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்டர், கண் மட்டும் நேராக எங்களைப் பார்க்கிறது. வேறு படம் இல்லை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பெண்ணின் அப்பா எல்லாப் படத்திலும் முதுகைக் காட்டிக்கொண்டு யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் மகள் தினமும் விளக்கேற்றும்போது அந்தக் குழாயைத்தான் பார்க்கிறாள். அங்கே நன்றாக மூச்சு விடுகிறீர்கள் என்றால், குழாய் இல்லாமல், முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி, புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள், சம்பந்தி.